கோயில் என்றால் எந்தக் கோயில் என்று முதலில் கேளுங்கள்

அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கம் நான் குடியேறிப் பதினோரு வருடம் ஆகிறது. புதிதாக வருகிற பிள்ளைகள் சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று கேட்டு முடித்ததும், "அக்கா, ஞாயித்துக்கிழமை எந்தச் சர்ச்சுக்குப் போகலாம்?" என்று கேட்பார்கள். முதல் மூன்றும் வரிசையில் நின்றால் முடிகிற வேலை, பல்கலைக்கழகத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான்காவதை யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் வீட்டில் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்ததால் அம்மாவுக்கு நேர்ந்தது இன்னொரு அம்மாவுக்கு நேரக் கூடாது.

நாங்கள் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. சபை. ஊரில் எந்தச் சபைக் கல்யாணமானாலும் பத்திரிகை வந்துவிட்டால் போய் உட்காருவோம். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தாலி கட்டுகிறபோது எட்டிப் பார்க்கும். கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற கல்யாணம் என்று ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

இங்கே உங்கள் கண்ணில் படக்கூடிய பெந்தெகொஸ்தே, மார்மன், குவேக்கர் என்ற மூன்று சபைகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நமக்குப் பழக்கமானதுதான். கைத்தட்டல், சாட்சி, அந்நிய பாஷை, சுகமளிக்கும் ஜெபம், விவரம் தெரிந்த வயதில் முழுக்கு ஞானஸ்நானம் எல்லாம் இங்கேயும் அப்படியே. இன்றைய பெந்தெகொஸ்தே இயக்கம் உலகமெங்கும் பரவக் காரணமாக இருந்தது 1906இல் லாஸ் ஏஞ்சலீஸ் அசூசா தெருவில் நடந்த எழுப்புதல் கூட்டங்கள். அவற்றை நடத்திய வில்லியம் சீமோர் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினப் போதகர். நம் ஊரில் வெள்ளை உடுத்தி நகை போடாதவர்களைத்தான் பெந்தெகொஸ்தே என்று அடையாளம் வைத்திருப்போம், இங்கே ஜீன்ஸும் கம்மலுமாக வருவார்கள், திகைக்காதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவர்களுக்குள் 'இயேசு நாமத்தில் மட்டும்' ஞானஸ்நானம் கொடுக்கிற பிரிவு ஒன்று உண்டு. அவர்கள் திரித்துவத்தை, அதாவது ஒரே கடவுள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராக இருக்கிறார் என்பதை, ஏற்பதில்லை, நீங்கள் ஏற்கெனவே பெற்ற ஞானஸ்நானத்தையும் ஏற்க மாட்டார்கள். ஆராதனையைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

இனி நான் சொல்ல வந்தது. என் தம்பி மேற்படிப்புக்கு மேற்குப் பக்கம் ஒரு மாநிலத்துக்கு வந்தான். வாடகை வீட்டுக்குச் சாமான் ஏற்றிய அன்று, வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, மார்பில் கறுப்புப் பெயர்ப் பட்டையோடு இரண்டு பையன்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, கட்டிலை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். மார்மன் ஊழியக்காரர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு இரண்டு வருடம் ஊழியத்துக்கு வருகிறவர்கள், எப்போதும் இருவர் இருவராகத்தான் போவார்கள். நல்ல பிள்ளைகள். தனியாகக் கிடந்த தம்பியை வாராவாரம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அந்த அன்பில் பொய் இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. ஒரு வருடத்தில் அவன் அங்கே ஞானஸ்நானம் எடுத்தான். "குழந்தையிலயே எடுத்தாச்சேடா" என்று நான் கேட்டதற்கு, அதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை என்றான். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது அவர்களுடைய முழுப்பெயர். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. பைபிளோடு மார்மன் புத்தகத்தையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி ஆட்கள், பிதாவுக்கு உடல் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. கட்டடத்தில் சிலுவை இருக்காது. சம்பளம் வாங்கும் ஐயர் (போதகர்) கிடையாது, வாரநாளில் வேலைக்குப் போகிற ஒருவரே ஞாயிற்றுக்கிழமை பிஷப். திருவிருந்தில் ரொட்டியும் தண்ணீரும். காபி, டீ, மது, புகையிலை நால்வகையும் விலக்கு. காலையில் பில்டர் காபி இல்லாமல் கண் திறக்காத தம்பி வெந்நீர் குடிக்க ஆரம்பித்ததை அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "வயிறு சரியில்லையா ராசா?" என்று கேட்டாள்.

அவர்களிடம் இரண்டு வகைக் கட்டடம் உண்டு. ஞாயிறு ஆராதனை நடப்பது ஊர் ஊருக்கு இருக்கிற கூடுமிடம், அங்கே யாரும் போகலாம், வாசலிலேயே கைகொடுத்துக் கூட்டிப்போவார்கள். மற்றொன்று டெம்பிள். கோபுரத்தோடு வெள்ளை வெளேரென்று நிற்கும், ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். உள்ளே போக, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை ஒழுங்காகக் கொடுத்து, பிஷப்பின் நேர்காணலில் தேறி, கையெழுத்திட்ட சீட்டு வாங்கியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் ஒரு வருடமாவது காத்திருந்தால்தான் டெம்பிள் கல்யாணம். சபையில் இல்லாதவர், பெற்ற தாயாகவே இருந்தாலும், அங்கே நடக்கிற கல்யாணத்தைப் பார்க்க முடியாது.

2017இல் தம்பி போன் போட்டு, "அம்மா, கோயில்லதான் கல்யாணம்" என்றான். எங்கள் ஊரில் சர்ச்சுக்குப் பெயரே கோயில்தானே. அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். விசா, டிக்கெட், மருமகளுக்கு அரக்குப் பட்டு, சிலுவை பொறித்த தாலி எல்லாம் தயாராயிற்று. டெம்பிளுக்குள் அவளால் வர முடியாது என்பதை, அவள் விமானத்தை விட்டு இறங்கிய இரண்டாம் நாள் சாயங்காலம்தான் அவன் சொன்னான். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா" என்று என்னிடம் அழுதான். நாங்களும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கவில்லை.

கல்யாணத்தன்று நானும் அம்மாவும் டெம்பிளின் காத்திருக்கும் அறையில் இருந்தோம். மெத்தை நாற்காலி, இயேசு படம், வெள்ளை உடுத்திய ஒரு வயதான அம்மா. அவர் இரண்டு முறை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா தாலியைச் சுருக்குப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள், பையின் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அரை மணி நேரம் போயிருக்கும். "ஒரு பாட்டுச் சத்தங்கூடக் கேக்கலையே, ஆரம்பிச்சிட்டாங்களாட்டி?" என்று கேட்டாள். அதற்குள் உள்ளே முடிந்திருந்தது.

கல்யாணம் நடந்த அந்த உள்ளறை ஏன் வெளியாருக்கு மூடியிருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் கல்யாணத்தில் "மரணம் நம்மைப் பிரிக்குமட்டும்" என்று வாக்குக் கொடுப்போம். அவர்களோ கணவனும் மனைவியும் சாவுக்குப் பிறகும் நித்தியத்துக்கும் முத்திரையிடப்படுகிறார்கள் என்று நம்புகிறார்கள். எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடி, நடுவே பலிபீடம், இருபுறமும் முழங்காலிடும் மணமக்கள். கண்ணாடிக்குள் கண்ணாடியாக முடிவில்லாமல் தெரியும். அது அவர்களுக்குச் சடங்குகளிலேயே மிகப் புனிதமானது. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனாலும் பதினெட்டு மணி நேரம் பறந்து வந்த தாய் வெளியே உட்கார்ந்திருந்ததை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

சாயங்காலம் கூடுமிடத்தில் வரவேற்பு. அவர்களுடைய கூடுமிடங்களில் பெரிய கூடமே கூடைப்பந்து மைதானமாகவும் இருக்கும். அந்த வளையத்துக்குக் கீழே காகிதப்பூ கட்டி, அங்கே தம்பி தாலி கட்டினான். அம்மாதான் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். குலவை போட நான் ஒருத்திதான் இருந்தேன்.

குவேக்கர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, பிலடெல்பியாவே அவர்கள் ஊர். 1682இல் இதை நிறுவிய வில்லியம் பென் குவேக்கர். 'நண்பர்களின் சமய சங்கம்' என்பது அவர்கள் பெயர், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கியது. ஆர்ச் தெருவில் 1804இல் கட்டிய அவர்களுடைய கூடம் இன்றும் இருக்கிறது. பீடம் இல்லை, பாடகர் குழு இல்லை, போதகர் இல்லை, ஞானஸ்நானமும் திருவிருந்தும் சடங்காக இல்லை. மர பெஞ்சில் ஒரு மணி நேரம் மௌனம். யாருக்காவது உள்ளே உந்துதல் வந்தால் எழுந்து நாலு வார்த்தை சொல்லி உட்காருவார். கடைசியில் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கினால் ஆராதனை முடிந்தது. கென்யாவில் இருக்கிற பெருந்தொகைக் குவேக்கர்கள் போதகர் வைத்துப் பாட்டோடு ஆராதிக்கிறார்கள், ஆனால் இந்த ஊர்ப் பக்கம் பெரும்பாலும் மௌனம்தான். அடிமை முறையை எதிர்த்து 1688இலேயே ஜெர்மன்டவுனில் விண்ணப்பம் எழுதியவர்கள் இவர்கள், போருக்கும் போக மறுப்பவர்கள்.

முதல் முறை போனபோது எனக்கு மூச்சு முட்டியது. ஞாபகம் முழுக்கப் பாளையங்கோட்டைக் கோயில் மணியும் கீர்த்தனையும். பிறகு என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணத்துக்கு அங்கே போனேன். மௌனத்தின் நடுவே இருவரும் எழுந்து கைபிடித்து ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள், நடத்திவைக்க யாரும் இல்லை. பென்சில்வேனியாவில் அதற்கென்றே தனி உரிமம் தருகிறார்கள். முடிந்ததும் பெரிய சான்றிதழ் ஒன்றை மேசையில் விரித்து, வந்திருந்த எல்லாரையும் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், எழுதப் பழகிய குழந்தைகள் உட்பட. நான் தமிழில் போட்டேன். போடும்போது அம்மாவின் சுருக்குப் பை நினைவுக்கு வந்து கண் நிறைந்துவிட்டது.

உங்களில் யாருக்காவது மார்மன் வீட்டுச் சம்பந்தம் வந்தால் இதைக் கேளுங்கள். முன்பு இந்த நாட்டில், வெளியே சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள் டெம்பிளுக்குப் போக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் தம்பி போன்றவர்கள் நேரே உள்ளே போனார்கள். 2019 மே மாதம் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது கூடுமிடத்திலோ வீட்டிலோ எல்லாரும் பார்க்கக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, காலதாமதம் இல்லாமல் டெம்பிளுக்குப் போய் முத்திரையிட்டுக்கொள்ளலாம். அதை நிச்சயத்தின்போதே இரண்டு வீட்டாரும் பேசி வையுங்கள். ஊருக்குப் போன் போடும்போது 'கோயில்' என்று சொல்லாதீர்கள், டெம்பிள் என்றே சொல்லி, யார் உள்ளே வரலாம், யார் வர முடியாது என்று அம்மாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் சொல்லுங்கள்.