ஊழலைச் சொல்வதற்கு முன்: தென்னாப்பிரிக்க அரசு ஊழியருக்கு

சுலுவில் 'இம்பிம்பி', தமிழில் 'காட்டிக்கொடுக்கிறவன்'. நிறவெறிக் காலத்தில் போலீசுக்குத் துப்புச் சொன்னவர்களுக்கு வைத்த பெயர், இன்று டெண்டர் திருட்டைச் சொல்கிறவர் தலையில் விழுகிறது. டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் "நமக்கேன் வம்பு" என்று வாயை மூடிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். 2000-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டம் (Protected Disclosures Act) இப்படிச் சொல்கிறவரைக் காக்கிறது; 2017 திருத்தத்துக்குப் பிறகு ஒப்பந்தக்காரர், ஆலோசகர், ஏஜென்சி வழி வேலை செய்பவர் எல்லாரும் இதில் சேர்த்தி. ஆனால் நீங்கள் சொன்னது உண்மையா என்பதோடு, யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் அது பார்க்கும்.

முதலில் வாய் திறக்காமல் எழுதுங்கள். தேதி, நேரம், ஆர்டர் எண், கையெழுத்துப் போட்டவரின் பதவி. 'மூன்று கொட்டேஷனிலும் ஒரே எழுத்துப்பிழை, ஒரே போன் நம்பர்': இது கண்ணால் கண்டது. 'மேனேஜர் பங்கு வாங்குகிறார்': இது ஊகம். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் ஊகத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் உடைப்பார். கௌடெங் மாகாணத்தின் தெம்பிசா அரசு மருத்துவமனையில் ஆர்டர்களை 5 லட்சம் ராண்டுக்குச் சற்றுக் கீழே துண்டு துண்டாக வெட்டியிருந்தார்கள்; அதைத் தாண்டினால் டெண்டர் விட வேண்டியிருந்தது. அந்த மாதிரியான கோலம் தெரிய ஒரு காகிதம் போதாது, வரிசை வேண்டும்.

ஆபீஸ் மெயில், ஆபீஸ் பிரிண்டர், ஆபீஸ் வைஃபை மூன்றையும் தொடாதீர்கள், எல்லாம் பதிவாகும். கோப்பை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகவும் வேண்டாம். நோயாளிகளின் விவரம் அதில் இருந்தால் உங்கள்மேலேயே வழக்கு வரும்.

அடுத்த படி வக்கீல். ஆலோசனை கேட்பதற்காக அவரிடம் சொன்னால் பாதுகாப்பு சுலபமாகக் கிடைக்கும், நல்லெண்ணத்தை நிரூபிக்கும் சுமைகூட இல்லை. பிறகு அலுவலகம். மேலதிகாரியே கூட்டாளி என்றால் அவரைத் தாண்டி நேராக, அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டரிடமோ ஆடிட்டர் ஜெனரலிடமோ போகலாம். பத்திரிகை கடைசி. அங்கே முதலில் போனவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், நிபந்தனைகள் அவ்வளவு கடுமை.

0800 701 701 என்ற தேசிய ஊழல் ஒழிப்பு எண்ணில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல்: நாளை அலுவலகத்தில் பழிவாங்கினால், புகார் தந்தது நீங்கள்தான் என்பதையும் அது அவர்களுக்குத் தெரியும் என்பதையும் நீங்களே காட்ட வேண்டியிருக்கும். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

புகார் வாங்கியவர் விசாரிப்பாரா மாட்டாரா என்று 21 நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வேலையை விட்டு நீக்கினால் 30 நாள், இடமாற்றம், பதவி உயர்வு மறுப்பு போன்றவற்றுக்கு 90 நாள். அதற்குள், வேலைத் தகராறுகளைப் பார்க்கும் உங்கள் துறையின் பார்கெயினிங் கவுன்சிலில் மனு விழ வேண்டும். நகராட்சி ஊழியருக்கு உள்ளாட்சித் துறையின் பார்கெயினிங் கவுன்சில் தனி. பழிவாங்கும் நீக்கம் என்று நிரூபித்தால் 24 மாதச் சம்பளம் வரை இழப்பீடு உண்டு. சமாதானம் பேசலாம் என்று இழுத்தடித்துக் கெடு தாண்டவைப்பது பழைய தந்திரம்.

சட்டம் வேலையைத்தான் காக்கும், உயிரை அல்ல. கௌடெங் சுகாதாரத் துறை நிதி அதிகாரி பபிதா தேவகரன் தெம்பிசா பில்களில் சந்தேகம் எழுப்பியவர். 2021 ஆகஸ்ட் 23 அன்று மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பி வந்தவரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் வழக்கில் சாட்சியாக இருப்பவருக்கே. புகார் தந்தாலே அது தானாக வராது. எனவே மிரட்டல் வந்த அன்றே போலீசில் பதிவு செய்து வழக்கு எண் வாங்குங்கள், ஆபீஸ் போகும் நேரத்தையும் வழியையும் மாற்றுங்கள், ஆவணப் பிரதியை வக்கீலிடம் வையுங்கள். வீட்டில் வைத்தால் வீட்டைத் தேடி வருவார்கள்.

மேலதிகாரியாக இருப்பவருக்கு ஒன்று. 2004 ஊழல் தடுப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி 1 லட்சம் ராண்டோ அதற்கு மேலோ உள்ள ஊழலை அறிந்தும் ஹாக்ஸ் என்ற போலீஸ் சிறப்புப் புலனாய்வுப் பிரிவிடம் சொல்லாத அதிகாரி குற்றவாளி. உங்களிடம் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து சொன்னால் 'யார் சொன்னது' என்று மற்றவர்களிடம் விசாரிக்கத் தொடங்காதீர்கள். அவர் பெயர் இல்லாமலேயே அந்த ஆர்டர் எண்களை எடுத்துப் பாருங்கள்.