டியூப் டிவியில் சோல் பிளேடு: பழைய பிளேஸ்டேஷனை வாங்கி, மாட்டி, முதல் சண்டை போடுவது வரை

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி கேம் கடைகளில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆடிய தலைமுறையிடம் சண்டை கேம் என்று சொன்னால் டெக்கன் 3 என்றுதான் பதில் வரும். அதே நாம்கோ கம்பெனி அதற்கு முன்பே செய்தது சோல் பிளேடு. முதலில் சோல் எட்ஜ் என்ற பெயரில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெஷினில் வந்து, 1996 டிசம்பரில் ஜப்பானில் சோனியின் பிளேஸ்டேஷன் கேம் பெட்டிக்கு இறங்கியது. 1997-ல் மற்ற நாடுகளுக்குப் போனபோது சோல் பிளேடு ஆனது. சாபம் பிடித்த ஒரு வாளைத் தேடி ஜப்பான் சாமுராய், கிரேக்கப் பெண், கொரிய வீரன், ஸ்பெயின் கடற்கொள்ளையன் எல்லாரும் மோதுகிறார்கள். மனிதர்களின் அசைவைப் பதிவு செய்து அதை உருவங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். கத்தியை வீசினால் அதன் பின்னால் கலர் வெளிச்சம் வளைந்து ஓடும். அந்தக் காலத்துக்கு இது கண்ணைப் பறிக்கிற கிராஃபிக்ஸ்.

அதை இப்போது 43 அங்குல எல்இடி டிவியில் மாட்டிப் பார்த்துவிட்டு 'இதுக்குத்தானா இவ்வளவு பேச்சு' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. குறை கேமில் இல்லை, டிவியில் இருக்கிறது. அதனால் இந்த விளக்கத்தில் கேமை விட பெட்டிக்கும் டிவிக்கும்தான் அதிக இடம்.

முதலில் செட்டு

பர்மா பஜாரிலோ மூர் மார்க்கெட்டிலோ பழைய பிளேஸ்டேஷன் செட்டு கண்ணில் பட்டால், திருப்பி அடியில் இருக்கும் லேபிளைப் படியுங்கள். எஸ்சிபிஎச் (SCPH) என்று தொடங்கும் மாடல் எண்ணின் கடைசி இலக்கம்தான் முக்கியம். 0 ஜப்பான், 1 அமெரிக்கா, 2 ஐரோப்பா, 3 ஆசியா. உதாரணத்துக்கு 7502 என்றால் ஐரோப்பா செட்டு, நம் ஊர் 230 வோல்ட்டில் அப்படியே ஓடும். ஜப்பான் செட்டு 100 வோல்ட், அமெரிக்கா செட்டு 120 வோல்ட்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பெரிய பிளேஸ்டேஷனுக்கு வரும் பவர் ஒயர், பழைய டேப் ரெக்கார்டருக்கு வரும் எட்டு வடிவ ஒயர்தான். எந்த நாட்டு செட்டிலும் கச்சிதமாக உட்காரும். வீட்டில் கிடக்கும் ஒயரை எடுத்து ஜப்பான் செட்டில் மாட்டி சுவிட்சைப் போட்டால் 'பட்'டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, பவர் போர்டு காலி. 0, 1 என்று முடியும் செட்டு வாங்கினால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து வாங்குங்கள். 50 விஏ (VA) தாராளமாகப் போதும். இஸ்திரிப் பெட்டிக்கும் ஹேர் டிரையருக்கும் விற்கும் கையடக்க டிராவல் கன்வெர்ட்டர் இதற்கு ஆகாது. சின்னதாக, வெள்ளையாக, ஓரங்கள் வளைந்து இருக்கும் பிஎஸ் ஒன் மாடலில் இந்தக் கவலை குறைவு. அதற்கு அடாப்டர் வெளியே இருக்கிறது, செட்டுக்குள் போவது 7.5 வோல்ட் டிசி. அடாப்டர் இல்லாமல் விற்றால், செட்டில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டேஜையும் பிளஸ் மைனஸ் படத்தையும் பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்க வேண்டும்.

அடுத்தது லென்ஸ். ஆரம்ப கால 1000 வரிசை செட்டுகளில் லென்ஸ் பவர் போர்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். சூடு பட்டுப் பட்டு, அது நகரும் பிளாஸ்டிக் தேய்ந்து, லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். செட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆடியது இதற்காகத்தான். கடைக்காரர் கவிழ்த்து வைத்து ஓட்டிக் காட்டினால் அந்த செட்டைத் தொடாதீர்கள். 5500-க்குப் பிறகு வந்த மாடல்களில் லென்ஸைத் தள்ளி வைத்துவிட்டார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 7000, 9000 வரிசையோ பிஎஸ் ஒன்னோதான் நல்லது.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை எளிது. சிடி போடாமல் ஆன் செய்தால் மெமரி கார்டு, சிடி பிளேயர் என்று மெனு வர வேண்டும். பிறகு ஏதாவது ஒரு கேமைப் போடச் சொல்லுங்கள். வெள்ளைத் திரை வந்து, கறுப்புத் திரையில் பிளேஸ்டேஷன் சின்னம் வந்தால் பாதி ஜெயம். அதோடு நிறுத்தாமல் தொடக்க வீடியோவை முழுக்க ஓட விடுங்கள். வீடியோ ஓடும்போது லென்ஸ் இடைவிடாமல் சிடியைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் விக்கினாலோ படம் நின்று நின்று போனாலோ லென்ஸ் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். சோல் பிளேடின் தொடக்க வீடியோ இந்த விஷயத்தில் நல்ல பரீட்சை, பார்க்கவும் அழகு.

டிவிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்

பிளேஸ்டேஷன் கேம்கள் பெரும்பாலும் 240 வரிகளில்தான் படத்தை அனுப்பும். டியூப் டிவி அந்த வரிகளை வரிகளாகவே காட்டும், நடுவில் மெல்லிய இருட்டுக் கோடு விழும். கலரைப் பொறுத்தவரை இந்த செட்டில் நிறங்கள் குறைவு. இரண்டு நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து மூன்றாவது நிறம் போல ஏமாற்றும். டியூபில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். எல்இடி டிவி ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கிக் கூர்மையாகக் காட்டும்போது முகமெல்லாம் மணல் கொட்டியது போல ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் தாமதம். புது டிவி படத்தை உள்ளே மாற்றி, பெரிதாக்கி, அப்புறம்தான் காட்டும். அதில் 100 மில்லி செகண்ட் போனால், செகண்டுக்கு 60 படம் ஓடும் கேமில் 6 படங்கள் பின்னால் இருக்கிறீர்கள். சோல் பிளேடில் எதிரியின் கத்தி வந்து படும் கணத்தில் அதைத் தட்டிவிடும் 'கார்டு இம்பாக்ட்' என்ற வித்தை இருக்கிறது. தாமதமான டிவியில் அது கை வராது, திறமை இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்வீர்கள்.

டியூப் டிவிக்கு அலைய வேண்டாம். காயலான் கடைகளில் சீந்துவார் இல்லாமல் கிடக்கிறது. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி பரணில் இருந்தால் அதுவும் சரிதான், சின்னத் திரையில் படம் இன்னும் கச்சிதமாகத் தெரியும். பார்க்க வேண்டியவை: பின்னாலோ முன்னாலோ மஞ்சள், வெள்ளை ஓட்டைகளோடு 'ஏவி இன்' இருக்கிறதா, ரிமோட் வேலை செய்கிறதா, திரையின் மூலையில் கலர் திட்டு இருக்கிறதா. திட்டு இருந்தால் பயப்பட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரைத் தள்ளி வைத்து, மெயின் சுவிட்சை அணைத்து, அரை மணி நேரம் கழித்துப் போட்டால் பெரும்பாலும் தானே போய்விடும். 100 ஹெர்ட்ஸ் என்று முகப்பில் எழுதிய டியூப் டிவிகளை விட்டுவிடுங்கள், அவையும் படத்தை உள்ளே வைத்துப் பிசையும்.

பின் மூடியை மட்டும் கழற்றாதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அது டிவி மெக்கானிக் வேலை.

மாட்டுவது

ஏவி ஒயரின் அகலமான முனை செட்டுக்குப் பின்னால். மஞ்சள் படம், வெள்ளையும் சிவப்பும் சத்தம். டிவியில் சிவப்பு ஓட்டை இல்லை என்றால் வெள்ளையை மட்டும் மாட்டி, கேமின் ஆப்ஷனில் சத்தத்தை மோனோவுக்கு மாற்றுங்கள். மறந்தால் வலது பக்கத்துச் சத்தம் காணாமல் போகும்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் ஓடினாலோ ஒயரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஜப்பான், அமெரிக்கா செட்டுகள் என்டிஎஸ்சி (NTSC) முறையில் படம் அனுப்பும், நம் ஊர் முறை பிஏஎல் (PAL). டிவி மெனுவில் கலர் சிஸ்டம் என்ற இடத்தில் 'ஆட்டோ' அல்லது என்டிஎஸ்சி வையுங்கள். அப்படி ஒரு இடமே இல்லாத ரொம்பப் பழைய டிவி என்றால் ஐரோப்பா செட்டும் ஐரோப்பா சிடியும்தான் வழி. அதில் 60-க்குப் பதில் 50 ஹெர்ட்ஸ் என்பதால், வேகத்தைத் திருத்தாமல் வெளியிட்ட கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

சிடி படிக்கவில்லை என்றால்

ஒரிஜினல் பிளேஸ்டேஷன் சிடியின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். வெள்ளியாகவோ பச்சையாகவோ இருந்தால் அது காப்பி, செட்டுக்குள் சிப் வைத்திருந்தால்தான் ஓடும். பிளேஸ்டேஷன் சிடி போடு என்று திரையில் எழுத்து வந்தால் காரணம் சிப் இல்லாதது அல்லது சிடியும் செட்டும் வேறு வேறு நாடு. வெள்ளைத் திரைக்குப் பிறகு மெனுவுக்கே திரும்பினால் லென்ஸ் சிடியையே பார்க்கவில்லை. பிளேஸ்டேஷன் சின்னம் வந்த பிறகு கறுப்பாக நின்றால் பெரும்பாலும் சிடியில் கீறல்.

லென்ஸைத் துடைக்க செட்டைப் பிரிக்க வேண்டாம். மூடியைத் திறந்தாலே நீலச் சாயலோடு ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் தெரியும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு மட்டும் தொட்டு, அழுத்தாமல், நடுவிலிருந்து வெளியே வட்டமாக ஒரு சுற்று. பிறகு காய்ந்த பஞ்சால் ஒரு சுற்று. லென்ஸ் மெல்லிய ஸ்பிரிங் மேல் மிதக்கிறது, லேசாக ஆடுவது இயல்பு. நெயில் பாலிஷ் ரிமூவர், சென்ட், சட்டை நுனி எதுவும் கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக் லென்ஸைப் பனி மூட்டம் போல ஆக்கிவிடும், அப்புறம் மீட்பு இல்லை.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காத்து தனித் தொல்லை. கன்ட்ரோலர் மாட்டும் இடத்துப் பின்களில் பச்சையாகப் பாசி பிடித்திருந்தால் பட்டன் விட்டு விட்டு வேலை செய்யும். அதே ஆல்கஹால், அதே பஞ்சு. உப்புத் தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரப்பரில் பென்சில் கரி தடவும் பழைய வைத்தியம் நாலு நாளைக்குத்தான் தாங்கும்.

முதல் சண்டை

டெக்கன் கையோடு வருபவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் அடி வாங்குகிறார்கள். டெக்கனில் பின்னால் அழுத்தினால் தடுப்பு. இங்கே அப்படி இல்லை, தடுப்புக்குத் தனி பட்டன், சாதாரணமாக எக்ஸ். சதுரம் பக்கவாட்டு வீச்சு, முக்கோணம் மேலிருந்து வெட்டு, வட்டம் உதை. சதுரத்தோடோ முக்கோணத்தோடோ தடுப்பைச் சேர்த்து அழுத்தினால், பக்கத்தில் நிற்கும் எதிரியைப் பிடித்து வீசலாம். நின்று தடுத்தால் மேல் அடியும் நடு அடியும் படாது, காலுக்கு வரும் அடிக்குக் குனிந்து தடுக்க வேண்டும். குனிந்தே இருந்தால் நடு அடி விழும்.

உயிர்க் கோட்டோடு ஆயுதத்துக்கும் தனியாக ஒரு கோடு இருக்கும். தடுத்துக்கொண்டே இருந்தால் அது குறையும். தீர்ந்தால் கையில் இருக்கும் வாள் உடைந்து வெறுங்கையோடு நிற்க வேண்டும். மூன்று தாக்கும் பட்டன்களையும் ஒன்றாக அழுத்தினால் வரும் கிரிட்டிக்கல் எட்ஜ் என்ற சிறப்புத் தாக்குதலும் இந்தக் கோட்டைத்தான் தின்னும். ஆகவே மூலையில் பதுங்கித் தடுத்தே ஜெயிக்கும் கேம் இல்லை இது. மேடையின் ஓரத்தில் நின்று தடுப்பதும் ஆபத்து, வெளியே விழுந்தால் உயிர் முழுதாக இருந்தாலும் அந்த ரவுண்டு போச்சு.

தொடங்க ஜப்பான் சாமுராய் மிட்சுருகி அல்லது கிரேக்கப் பெண் சோஃபிட்டியா. வேகமும் நீளமும் அளவாக இருக்கும். ராக் என்ற வீரன் அடித்தால் வலிக்கும், ஆனால் ஒவ்வொரு வீச்சும் மெதுவாகத்தான் வரும். வோல்டோவின் நெளிந்து வளையும் அசைவு பார்க்க வேடிக்கை, புதியவர் கைக்கு அடங்காது.

பிராக்டிஸ் மோடில் கார்டு இம்பாக்டை மட்டும் தனியாகப் பழகுங்கள். எதிரி பக்கம் திசையைத் தட்டி, அதே நேரம் தடுப்பு பட்டன். கத்தி கிளம்பும்போது அழுத்தினால் சீக்கிரம், உடம்பில் பட்ட பிறகு என்றால் தாமதம். பக்கத்தில் ஆள் இருந்தால் அவரை ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப வெட்டச் சொல்லுங்கள். சரியாகப் பட்டால் எதிரியின் ஆயுதம் விலகி அவன் தள்ளாடுவான், உங்கள் அடிக்கு வழி கிடைக்கும்.

அப்புறம் எட்ஜ் மாஸ்டர் மோட். கதைப் புத்தகம் போல வரைபடத்தில் ஊர் ஊராகப் போய், நிபந்தனை போட்ட சண்டைகளை ஜெயித்தால் புது ஆயுதம் கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் எட்டு ஆயுதங்கள். பலம் கூடியது சீக்கிரம் உடையும், கனமானது கையை மெதுவாக்கும். தனியாக ஆடுபவருக்கு கேமின் உயிரே இதுதான், மெமரி கார்டு இல்லாமல் தொடங்காதீர்கள். ஒரு கார்டில் 15 பிளாக் இருக்கும். சேவ் ஆகும்போது கரண்ட் போனாலோ கார்டைப் பிடுங்கினாலோ அந்த சேவ் கெட்டுப்போகலாம், வெயில் காலத்தில் லைட் மங்கி மங்கி எரியும் நேரத்தில் சேவ் செய்வதைத் தள்ளிப் போடுங்கள்.

ஆடி முடித்ததும் சிடியை வெளியே எடுத்து உறையில் போட்டு, செட்டின் மேல் துணி போடுங்கள். ஓடும்போது மட்டும் துணி கூடாது, காற்றுத் துளை அடைந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்பே, புளியந்தோப்பு மாதிரி தண்ணீர் ஏறும் தெருவில் இருப்பவர்கள் செட்டையும் கார்டையும் ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடிப் பரணில் ஏற்றிவிடுவது நல்லது.