ஸ்கவுசர், மேக்கம், எம்மெட்: பிரிட்டிஷ் ஊர்வசவுகளைப் புரிந்துகொள்வது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும் டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கும் இது உதவும். பிரிட்டனிலிருந்து வரும் நண்பர்கள் ஒருவரையொருவர் ஊரைச் சொல்லிச் சீண்டிக்கொண்டே வருவார்கள். பொருள் தெரியாமல் நாமும் அந்தச் சொல்லை எடுத்து விட்டால், வண்டிக்குள் பேச்சு சட்டென்று நின்றுபோகும்.

முதலில், "இங்கிலீஷ்காரரா?" என்று கேட்கும் பழக்கத்தை விடுங்கள். "எந்த ஊர்?" என்று கேளுங்கள். ஸ்காட்லாந்துக்காரரையும் வேல்ஸ்காரரையும் இங்கிலாந்துக் கணக்கில் சேர்த்தால் அதுவே அவர்களுக்கு மனக்குறை. ஸ்காட்லாந்துக்காரர் சொல்லும் 'சாசனாக்' ஆங்கிலேயரைக் குறிக்கும்; ஸ்காட்லாந்தின் கேலிக் (Gaelic) மொழியில் 'சாக்ஸன்' என்று பொருள். ஸ்காட்லாந்துக்காரருக்கு 'ஜாக்', அயர்லாந்துக்காரருக்கு 'பேடி', வேல்ஸ்காரருக்கு 'டாஃபி' என்ற மூன்றும் ஜான், பாட்ரிக், டேவிட் என்ற ஆள்பெயர்களின் ஊர்வடிவம். ஒரு நாட்டாரையே ஒற்றைப் பெயரில் அடைப்பதுதான் அதிலுள்ள இளக்காரம். இந்த மூன்றையும் நாம் சொல்லவே கூடாது.

அடுத்து, சொல்லுக்குள் இருப்பது சாப்பாடா, தொழிலா, கதையா, பிராணியா என்று பாருங்கள். லிவர்பூல்காரரை 'ஸ்கவுசர்' என்பது சாப்பாட்டு வகை. 'லாப்ஸ்கவுஸ்' என்பது மாலுமிகள் சாப்பிட்ட குழம்பு. ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ போட்டு, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் சேர்த்து, உருளை கரைந்து குழம்பு கெட்டிப்படும்வரை வேகவைப்பார்கள். கறி வாங்க வழியில்லாத வீட்டில் கறியே இல்லாமல் வைத்தால் அதற்குப் பெயர் 'குருட்டு ஸ்கவுஸ்'. ஏழை வீட்டுச் சட்டியைக் காட்டிச் சொன்ன பெயரை இன்று அந்த ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அதிகம் தவறு நடப்பது வடகிழக்கு இங்கிலாந்தில். நியூகாசில்காரர் 'ஜோர்டி', சண்டர்லேண்ட்காரர் 'மேக்கம்'. இரண்டு ஊருக்கும் இடையில் ஏறக்குறைய ஊட்டி–குன்னூர் தூரம்தான். ஆனாலும் கால்பந்துப் பகை பெரிது. சண்டர்லேண்ட்காரரை ஜோர்டி என்றால் முகம் சுருங்கிவிடும். 'மேக்கம்' என்பதில் 'செய்வது' என்ற ஆங்கிலச் சொல்லின் அந்த ஊர் உச்சரிப்பு ஒலிக்கிறது. கப்பல் கட்டும் தொழிலோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள்.

அதே கரையிலுள்ள ஹார்ட்டில்பூல்காரருக்கு 'குரங்கைத் தூக்கிலிட்டவர்' என்று பெயர். நெப்போலியன் போர்க்காலத்தில் பிரெஞ்சுக் கப்பல் உடைந்து குரங்கு ஒன்று மட்டும் கரையேறியதாம்; பிரெஞ்சுக்காரரைப் பார்த்தேயிராத மீனவர்கள் அதை உளவாளி என்று தூக்கிலிட்டார்களாம். நடந்ததற்குச் சான்று கிடையாது. ஆனால் ஊர் அந்தக் கதையைத் தனதாக்கிக்கொண்டது: கால்பந்து அணிக்காகக் குரங்கு வேஷம் கட்டியவரையே 2002-ல் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் மலைக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும் சொல் 'எம்மெட்'. கார்ன்வால் பகுதியில் சுற்றுலா வருகிறவர்களை இப்படி அழைக்கிறார்கள். எறும்பு என்று பொருள். மே மாதத்து ஊட்டி சேரிங் கிராஸை நினைத்துக்கொண்டால் வேறு விளக்கம் வேண்டாம். பக்கத்து டெவனில் இதற்கு 'க்ராக்கிள்' என்பார்கள். 'கேரட் க்ரஞ்சர்' என்றால் பட்டிக்காட்டான். கேரட்டை நறநறவென்று கடிக்கிறவன் என்பது நேர்ப்பொருள். கேரட் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர் காதில் விழுந்தால், அது தன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூலம் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லும் விளக்கத்தை நம்பாதீர்கள். அப்படிச் சொல் கட்டும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பழைய வசவுகளுக்கு அது பொருந்தாது. பகட்டாகத் திரியும் கீழ்த்தட்டு இளைஞரை இளக்காரமாகச் சொல்லும் 'சாவ்' (chav) என்ற வசவுக்கு இப்படிப் பல விளக்கங்கள் உலவுகின்றன. அகராதிக்காரர்கள் காட்டுவது ரோமானி மொழியில் குழந்தையைக் குறிக்கும் சொல்லை. அந்த மொழியின் வேர் வட இந்தியாவில் இருக்கிறது. 'ஜோர்டி'க்கோ முடிவான விடை இல்லை. ஜார்ஜ் மன்னர், ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சனின் சுரங்க விளக்கு என்று இரண்டு மூன்று கதைகள் உண்டு. ஒன்றை மட்டும் அடித்துச் சொல்கிறவரிடம் ஆதாரம் கேளுங்கள்.

விருந்தினர் தன்னைத் தானே 'ஸ்கவுசர்' என்று சொல்லிக்கொண்டால் கூடவே சிரிக்கலாம். மற்றவரைப் பார்த்து நீங்கள் தொடங்காதீர்கள். தங்குவோர் பதிவேட்டில் நாட்டுக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதச் சொல்லுங்கள். நியூகாசிலா, சண்டர்லேண்டா என்பது டீ கொண்டுபோவதற்குள் தெரிந்துவிடும்.