உடலுழைப்பு வேலைகளை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

முதலில் 'கூலி' என்ற சொல்லை விடுங்கள். தமிழில் அது சம்பளம். ஆங்கிலக் காதுக்கு அது வசவு. பொதுச்சொல் 'மேன்யுவல் வொர்க்', ஆள் 'லேபரர்'. 'லேபர்' என்பது உழைப்பு என்பதால் 'டூ லேபர்ஸ்' என்று தலை எண்ண முடியாது, 'டூ லேபரர்ஸ்' என்றுதான் சொல்லவேண்டும். அதேபோல 'ஐ ஹேவ் எ வொர்க்' தவறு, 'எ ஜாப்' சரி.

தொழில் பெயரில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கொத்தனார் செங்கல் கட்டுபவர் என்றால் 'பிரிக்லேயர்', கல் வேலை என்றால் 'ஸ்டோன்மேசன்', பூச்சு மட்டும் என்றால் 'பிளாஸ்டரர்'. மேஸ்திரி 'ஃபோர்மன்'. கம்பி கட்டுபவர் பிரிட்டனில் 'ஸ்டீல் ஃபிக்ஸர்'. கான்கிரீட் ஊற்றப் போடும் அச்சை நாம் சென்ட்ரிங் என்பது அங்கே 'ஷட்டரிங்' அல்லது 'ஃபார்ம்வொர்க்'. 'பிளம்பர்' என்று எழுதினாலும் 'பிளம்மர்' என்றே உச்சரிக்கவேண்டும். சமையல்காரர் 'குக்', 'குக்கர்' என்றால் அடுப்போ பாத்திரமோ ஆகிவிடுவீர்கள்.

பெயரோடு நிறுத்தாதீர்கள். 'ஐ டிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் வொர்க்' என்பதிலிருந்து உங்களுக்கு என்ன தெரியும் என்று யாருக்கும் புரியாது. என்ன செய்தீர்கள், எதை வைத்து, எவ்வளவு என்ற வரிசையில் சொல்லுங்கள். செங்கலுக்கு 'லே', கலவைக்கு 'மிக்ஸ்', கான்கிரீட் ஊற்றுவதற்கு 'போர்' (pour), பள்ளத்துக்கு 'டிக்'. இறந்தகாலத்தில் 'லே' 'லெய்ட்' ஆகும், 'டிக்' 'டக்' ஆகும், 'டிக்ட்' கிடையாது. 'ஐ லெய்ட் பிரிக்ஸ் அண்ட் மிக்ஸ்ட் மார்ட்டர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றால் போதும், கேட்பவருக்குப் படம் கிடைத்துவிடும். 'மார்ட்டர்' வரும் இடத்தில் 'சிமென்ட்' என்று போடாதீர்கள். அது வெறும் தூள். மணலும் தண்ணீரும் சேர்ந்தால் 'மார்ட்டர்', ஜல்லியும் சேர்ந்தால் 'கான்கிரீட்'. சுமை தூக்கியதைச் சொல்லும்போதும் 'ஹெவி திங்ஸ்' வேண்டாம். 'ட்வென்ட்டிஃபைவ் கிலோ பேக்ஸ்' என்று எடையோடு சொல்லுங்கள்.

'அன்ஸ்கில்ட்', அதாவது தொழில்திறன் இல்லாதவர், என்பது அரசாங்கப் படிவங்களின் சொல். உங்களை நீங்களே ஏன் அப்படி அழைத்துக்கொள்ள வேண்டும்? 'ஜெனரல் லேபரர்' போதும்.

'சாலரி' என்பது நிலையான மாதச் சம்பளம். நாள் கணக்கும் மணிக் கணக்கும் 'வேஜஸ்'. உருப்படிக்கு இவ்வளவு என்றால் 'பீஸ் ரேட்'. ஓவர்டைமுக்கு 'டைம் அண்ட் எ ஹாஃப்' என்றால் மணிக்கூலி 1.5 மடங்கு, 'டபுள் டைம்' என்றால் 2 மடங்கு.

கடுமையாக உழைப்பதை 'ஐ வொர்க் ஹார்ட்' என்று சொல்லுங்கள். 'ஐ ஹார்ட்லி வொர்க்' என்றால் கிட்டத்தட்ட வேலையே பார்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.