ஏஆர்-15க்கு ஸ்கோப் மவுண்ட் உயரம்: என் அனுபவம்

டெக்சஸில் ஏஆர்-15 ரைஃபிளோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்வரும்போதெல்லாம் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) வந்த மவுண்ட், அதாவது அதைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் வளையங்கள், குட்டையானவை, போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கிக்குப் பொருந்துபவை. ஏஆர்-15இன் ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்பகுதி), துப்பாக்கிக் குழலுக்கு நேர்க்கோட்டில் இருப்பதால் கண் இயல்பாகவே மேலே நிற்கும்; கன்னத்தை நசுக்கினால்தான் காட்சி முழுதாகத் தெரியும்.

சேம்பர் (குண்டு நிற்கும் அறை) காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கண்ணை மூடித் தோளில் வைத்துத் திறந்தேன். பாதி வட்டம் கறுப்பு. ரெயிலிலிருந்து (துப்பாக்கியின் மேல் மவுண்ட் மாட்டும் பட்டை) ஸ்கோப் மையம்வரை 1.5 அங்குலம் உள்ள மவுண்ட் மாட்டியதும் சரியாகிவிட்டது. 1.93 அங்குலமும் பார்த்தேன். நின்று சுட அருமை, படுத்தால் தாடைதான் ஸ்டாக்கில் படுகிறது.

அப்புறம், மவுண்ட் மாற்றியதால் ஜீரோவை (குறிப்பிட்ட தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது) மறுபடி செய்தாக வேண்டும். 100 கஜத்துக்குச் செய்திருந்தால் 10 கஜத்தில் குண்டு சுமார் 2 அங்குலம் கீழே படும். அது மவுண்ட் கோளாறு இல்லை, ஸ்கோப், துப்பாக்கிக் குழலுக்கு மேலே இருப்பதால்தான்.