கதையை வைத்துத் திருமண அலங்காரம் செய்யுமுன் சரிபார்க்க வேண்டியவை

கதையைத் தழுவிய திருமணத்தில் பிழை நுழையும் வாசல்கள் மூன்று: அழைப்பிதழில் போடும் வரி, மேடையில் வைக்கும் பொருள், அலங்காரத்துக்குச் சூட்டும் பெயர். அச்சகத்துக்கும் அலங்காரக்காரருக்கும் சொல்லுமுன் மூன்றையும் மூலநூலோடு ஒத்துப்பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

முதலில் வரி. அதற்கு முன்னும் பின்னும் இருபது அடிகளை உரையோடு படியுங்கள். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், அடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். 'மாசறு பொன்னே, வலம்புரி முத்தே' என்பது சிலப்பதிகாரத்தின் மனையறம் படுத்த காதையில் கோவலன் கண்ணகியைப் பாராட்டும் இடம். அழகில் ஈடில்லாத வரிதான். ஆனால் அடுத்த காதையிலேயே அவன் 1008 கழஞ்சு பொன் விலையுள்ள மாலையை வாங்கிக்கொண்டு மாதவி மனைக்குப் போய், கண்ணகியை மறந்துவிடுகிறான். வரப்போகும் பிரிவை இன்னும் கூர்மையாக்குவதே அந்தப் புகழுரையின் வேலை. அதை மணமகன் கூற்றாக அச்சடித்தால், காப்பியம் படித்தவர்களுக்கு அவன் கோவலனாகத்தான் தெரிவான்.

குறுந்தொகையின் 40ஆம் பாடலான 'யாயும் ஞாயும் யாராகியரோ' வேறு வகை. பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியைத் தலைவன் தேற்றும் பாட்டு இது. உன் தாயும் என் தாயும் யார் யாரோ, நம் தந்தையர் எந்த வகையில் உறவு என்றுதான் தொடங்குகிறது. முன்பின் அறியாத இரு குடும்பங்கள் இணையும் திருமணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைப்பது அரிது. உறவுக்குள் நடக்கும் திருமணத்தில் முழுப்பாட்டையும் போட்டால் முதல் வரியே உண்மைக்கு மாறாகிவிடும். அங்கே 'செம்புலப் பெயல்நீர் போல' என்று தொடங்கும் கடைசி இரண்டு அடிகள் மட்டும் போதும்.

ஆண்டாளின் 'வாரணம் ஆயிரம்' பதிகத்தைத் தயங்காமல் எடுக்கலாம். அது கனவுதான் என்றாலும், பாடுவோர் நன்மக்களைப் பெற்று மகிழ்வர் என்று வாழ்த்தி முடிகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தோழியிடம் பெண் பேசும் பாட்டு அது. மணமகள் பெயரின் பக்கம் வையுங்கள். 'கனாக் கண்டேன் தோழீ நான்' என்ற அடியை வெட்டாதீர்கள், வெட்டினால் பாட்டின் உயிரே போய்விடும்.

அடுத்தது பொருள். கதையில் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். சிலம்பு: கோவலன் கள்வன் என்று கொல்லப்படக் காரணம். துஷ்யந்தனின் மோதிரம்: காளிதாசர் நாடகத்தில் நீரில் தவறி, மீன் வயிற்றில் கிடைக்கும்வரை அவனுக்குச் சகுந்தலை நினைவே இல்லை. மோதிரம் மாற்றும் மேடைக்கு அந்தக் காட்சி ஆகாது; அந்த நாடகம்தான் வேண்டுமென்றால் கடைசி அங்கத்தில் மகனோடு மூவரும் சேரும் ஆசிரமக் காட்சியை எடுங்கள். நளன் தமயந்தி கதையில் அன்னத்தூது நல்ல தேர்வு. நள்ளிரவில் அவளை விட்டுப் போகும் காடு மட்டும் பின்திரையில் வந்துவிடக் கூடாது. ஓவியர்களுக்குக் காடு பிடிக்கும், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெயரில்தான் தவறு அதிகம், திருத்துவதும் எளிது. 1925இல் வெளிவந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' என்ற அமெரிக்க நாவலில் நாயகன் கேட்ஸ்பி கொடுக்கும் அத்தனை விருந்துகளும் வேறொருவரின் மனைவியாகிவிட்ட பெண் ஒருநாள் வருவாள் என்ற ஏக்கத்தில் நடப்பவை. அவன் இறுதிச் சடங்குக்கோ விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆள் வருகிறது. பொன்னிற அலங்காரம், இறகுகள், ஜாஸ் இசை எல்லாம் இருக்கட்டும், பலகையில் கேட்ஸ்பி பெயருக்குப் பதிலாக '1920களின் இரவு' என்று எழுதுங்கள். ஆண்டர்சனின் கடற்கன்னி (1837) கதையில் இளவரசன் மணப்பது வேறொருத்தியை; கன்னி கடல் நுரையாகிறாள். சிப்பியும் நீலத்துணியும் போதும், கதையின் பெயர் வேண்டாம். மேசைகளுக்குக் காதல் இணைகளின் பெயர் வைப்பதாக இருந்தால் ரோமியோ ஜூலியட், லைலா மஜ்னு, அம்பிகாபதி அமராவதி மூன்றையும் நீக்குங்கள். எமனிடமிருந்து கணவனை மீட்டுவந்த சாவித்திரி ஒருத்தியே ஒரு மேசைக்குப் பெருமை.

அலங்காரக்காரருக்கு அரைப்பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்தக் காட்சி, அதில் யார் யார், எந்தப் பொருள் கண்டிப்பாக வரக்கூடாது. கதையின் பெயரை மட்டும் சொன்னால் அவர் இணையத்தில் முதலில் கிடைக்கும் படத்தைத்தான் எடுப்பார், அது பெரும்பாலும் திரைப்பட விளம்பரப் படமாக இருக்கும்.

அழைப்பிதழ் ஏற்கெனவே அச்சாகிவிட்டதென்றால் மறுபடி அடிக்க வேண்டியதில்லை. அதே வரியை மேடையிலும் பதாகையிலும் திரும்ப வைக்காமல், அங்கே வேறு வரியைப் போடுங்கள்.