ஸ்கேட் போர்டில் சாலையில் போகும் உரிமை: சென்னையில் கேட்டு வாங்கும் வழி

முதலில் சட்டத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துவிடுவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இயந்திர விசையில் ஓடுவதைத்தான் மோட்டார் வாகனம் என்கிறது. காலால் தள்ளி ஓட்டும் பலகை அதில் சேராது. லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். அதே சமயம், ஸ்கேட்டருக்குச் சாலையில் இடம் உண்டு என்றும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. நம்மீது பாயக்கூடியது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவு: பொதுவழியில் ஆபத்தோ இடையூறோ உண்டாக்கினால் 5,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேர் கைகோத்துச் சாலையை அடைத்துக்கொண்டு போனால், அந்தப் பிரிவுக்கு ஆதாரத்தை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி.

கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: இடம் விட்டு இடம் போகச் சாலை. வித்தை காட்ட இடம் கேட்பது வேறு மனு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், அதிகாரியின் கண்ணில் படுவது ட்ரக் (பலகைக்கு அடியில் வீலைத் தாங்கும் உலோக அச்சு) உரசி உதிர்ந்த கிரானைட் விளிம்பும், பலகை வழுக்கிப் போக அதில் தேய்த்த மெழுகுக் கறையும்தான். ‘அதான் ஸ்கேட்டிங் ரிங்க் (ஸ்கேட்டிங்குக்கென்றே அமைத்த தளம்) இருக்கே, அங்கே போங்க’ என்ற பதிலும் தயாராக வரும். ரிங்க்கில் வட்டமடித்து யாரும் ஆபீஸ் போய்ச் சேர முடியாது என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே நாசூக்காகச் சொல்லிவிடுங்கள்.

மனுவுக்கு முன்னால் ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘இந்தத் தெருவில் ஸ்கேட்டிங் செய்யலாமா?’ என்று கேட்டால், கருத்துச் சொல்ல இயலாது என்று திருப்பிவிடுவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைப்பது அலுவலகத்தில் உள்ள ஆவணம் மட்டுமே. ஆகவே இப்படிக் கேளுங்கள்: ‘இன்ன சாலையில் ஸ்கேட் போர்டு, ரோலர் ஸ்கேட் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் அல்லது கட்டுப்படுத்தும் ஆணை, சுற்றறிக்கை, அறிவிக்கை ஏதேனும் இருப்பின் அதன் சான்றிட்ட நகல் தருக.’ மாநகராட்சிக்கு ஒன்று, போக்குவரத்துக் காவலுக்கு ஒன்று, தனித்தனியாக. ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘அப்படி ஆவணம் எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். உங்கள் ஃபைலிலேயே கனமான தாள் அதுதான்.

அடுத்து, சாலை யாருடையது? உட்சாலை என்றால் மண்டல அலுவலகம், பேருந்து ஓடும் சாலை என்றால் மாநகராட்சியின் பேருந்து வழித்தடச் சாலைகள் துறை, சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஆள் மாறிக் கொடுத்த மனு மேசை மேசையாகத் தூங்கும். முதல் கோரிக்கைக்கு, பேருந்து ஓடாத, புதிதாகத் தார் போட்ட ஓர் உட்சாலையைத் தேர்ந்தெடுங்கள்.

மனு ஒரு பக்கம் போதும். நாம் ஏற்கும் கட்டுப்பாட்டையும் நாமே எழுதிவிட வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம் 2000-இல் தெருக்களில் ஸ்கேட்டிங்கை அனுமதித்தபோது, நகர மையத்து நடைபாதையில் கூடாது, 16 வயதுக்குட்பட்டவருக்கு ஹெல்மெட், இரவில் விளக்கு என்று நிபந்தனை வைத்தது. ஜெர்மனி 2009-இல் இன்லைன் ஸ்கேட்டருக்கென (ஒரே வரிசையில் வீல் உள்ள ஷூவில் போகிறவர்) சாலைக் குறியீடாக ஒரு துணை அறிவிப்புப் பலகையைக் கொண்டுவந்தது. அது இருக்கும் சாலையில் வலது ஓரமாகப் போகலாம், பின்னால் வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். நமக்கு இடது ஓரம், ஒற்றை வரிசை. சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்ற மோட்டார் சாரா போக்குவரத்துக் (நடை, சைக்கிள் போன்றவை) கொள்கையையும் குறிப்பிடுங்கள். அவர்களே ஏற்றுக்கொண்டதை நினைவூட்டுவது நல்லது. நகலில் சீல் வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.

கவுன்சிலரையும் குடியிருப்போர் சங்கத்தையும் தெருவுக்கே அழைத்து ஓட்டிக் காட்டுங்கள். முக்கியப் புகார் சத்தம்தான். 99ஏ, 101ஏ கெட்டி வீல் (எண் கூடினால் வீல் கடினம்) கரடுமுரடான தாரில் தகரம் இழுத்த மாதிரி அலறும். சிறு கல்லில் சிக்கி ஆளையும் தூக்கி எறியும். 78ஏ மென்மையும் 60 மி.மீ. விட்டமும் உள்ள வீலைப் போட்டால் சத்தம் பாதிப் பிரச்சினையாகக்கூட இருக்காது. சாலையில் சாக்பீஸ் கோடு போட்டு, அதிலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கிறீர்கள் என்று டேப் பிடித்து அளந்து காட்டுங்கள். நிறுத்தத் தெரியாதவரை அன்று அழைத்து வர வேண்டாம்.

போலீஸ் நிறுத்தினால் இறங்கி, பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆர்டிஐ பதிலின் நகல் பையில் இருக்கட்டும். பலகையை எடுத்துக்கொண்டால் எழுத்தில் ரசீது கேளுங்கள்.

தெருவுக்குத் தெரு மனு எழுதுவதைவிடப் பெரிய வாசல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவு. மோட்டார் அல்லாத வண்டிகளும் நடப்பவர்களும் பொது இடங்களைப் பயன்படுத்துவது பற்றி மாநில அரசு விதி வகுக்க 2019 திருத்தம் இடம் தந்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதத்துக்குள் செய்யும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இத்தகைய விதிகள் முதலில் வரைவாக வெளியாக வேண்டும் என்பதால் கருத்துச் சொல்ல வாய்ப்பு உண்டு. பின்னாலும் திருத்தம் கேட்கலாம். உள்துறை (போக்குவரத்து) செயலாளருக்கு எழுதும்போது ‘ஸ்கேட்டிங்கை ஆதரியுங்கள்’ என்று பொதுவாக எழுதாமல், வரையறைப் பகுதியில் ‘மனித விசையால் ஓடும் ஸ்கேட் போர்டு, ரோலர் ஸ்கேட், இன்லைன் ஸ்கேட் உட்பட’ என்று சேர்க்கக் கேளுங்கள். அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் சைக்கிளும் ரிக்‌ஷாவும் மட்டும் என்று வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள்.